கிளைக்கோபுரத ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறீர்களா? இங்கே தொடங்குங்கள்

ரத்தத்தில் ஓடும் புரதங்களில் ஆல்புமினை விட்டுவிட்டால், மிச்சமுள்ளவற்றில் பெரும்பாலானவை சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டுதான் திரிகின்றன. ஆன்டிபாடிகள், இரும்பைக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபெரின், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் எல்லாமே கிளைக்கோபுரதங்கள். ஏ, பி ரத்த வகைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்கூட சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான். இருந்தும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பாடத்திட்டத்தில் இதற்கு ஒன்றிரண்டு வகுப்புகளுக்கு மேல் கிடைப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் என்ன படிக்க வேண்டும், மேசையில் எதைச் செய்து பழக வேண்டும், எங்கே ஏமாந்துவிடக்கூடாது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாகிறது, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து புரதம் உருவாகிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படிப் பார்த்து எழுத மூலப்படி எதுவும் கிடையாது. செல்லுக்குள் எந்த நொதிகள் இருக்கின்றன, சங்கிலி கட்ட மூலப்பொருளாகும் சர்க்கரை நியூக்ளியோடைடுகள் எவ்வளவு கையிருப்பில் உள்ளன, புரதம் கோல்கியை எவ்வளவு வேகமாகக் கடக்கிறது, இவை சேர்ந்துதான் சங்கிலியின் வடிவத்தை முடிவு செய்கின்றன. மாட்டின் கணையத்தில் கிடைக்கும் ரைபோநியூக்ளியேஸ் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை ஏறுவது 34ஆம் இடத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் மட்டும்தான். அந்த ஓரிடத்திலேயே ஒரு மூலக்கூறில் 5 மேனோஸ் இருக்கும், இன்னொன்றில் 9 இருக்கும். இரண்டும் ஒரே புரதம், ஒரே குப்பி.

இதனால்தான் இந்தத் துறையில் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. வெவ்வேறு விதமாகத் தவறு செய்யக்கூடிய இரண்டு மூன்று முறைகள் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியதுதான்.

முதல் படி: வரைபடத்தை மனதில் ஏற்றுங்கள்

முதுகெலும்பு விலங்குகளின் கிளைக்கன்களில், அதாவது சர்க்கரைச் சங்கிலிகளில், அடிக்கடி வரும் சர்க்கரைகள் பத்து போல இருக்கும். அவற்றைப் படமாக வரைவதற்கு உலகம் முழுக்க ஒரே குறியீட்டு முறைதான்: குளுக்கோஸ் நீல வட்டம், மேனோஸ் பச்சை வட்டம், கேலக்டோஸ் மஞ்சள் வட்டம், என்-அசிட்டைல் குளுக்கோசமின் நீலச் சதுரம், என்-அசிட்டைல் கேலக்டோசமின் மஞ்சள் சதுரம், ஃபியூக்கோஸ் சிவப்பு முக்கோணம், சியாலிக் அமிலம் ஊதா வைரம். ஒரு வாரம் கையால் வரைந்து பழகுங்கள். கட்டுரைகளில் வரும் படங்கள் அதன் பிறகு தானாகப் புரியும்.

அப்புறம் என்-இணைப்புப் பாதை, அதாவது அஸ்பராஜினின் நைட்ரஜனில் சங்கிலி ஏறும் வழி. டோலிக்கால் என்ற கொழுப்பின் மேல் 14 சர்க்கரைகள் கொண்ட சங்கிலி முதலில் தயாராகிறது: இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமின், ஒன்பது மேனோஸ், மூன்று குளுக்கோஸ். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் புதிதாக நுழையும் புரதத்தில் 'அஸ்பராஜின், ஏதோ ஒன்று, செரின் அல்லது திரியோனின்' என்ற வரிசை வரும் இடத்தில் முழுச் சங்கிலியும் ஒரே மூச்சில் ஏற்றப்படுகிறது. நடுவில் வரும் அந்த 'ஏதோ ஒன்று' புரோலினாக இருக்கக்கூடாது. பிறகு குளுக்கோஸ்கள் வெட்டப்படுகின்றன, புரதம் சரியாக மடிந்ததா என்று கால்நெக்சினும் கால்ரெட்டிகுலினும் பார்க்கின்றன, கோல்கியில் மேனோஸ்கள் குறைந்து புதுச் சர்க்கரைகள் சேர்கின்றன. இந்தப் பாதையை நொதிகளின் பெயரோடு புத்தகம் பார்க்காமல் வரைய முடிகிற நாள் வரை அடுத்த தலைப்புக்குப் போகாதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த மூன்றெழுத்து வரிசை இருக்கிறது என்பதாலேயே அங்கே சர்க்கரை ஏறியிருக்கும் என்று அர்த்தமில்லை.

படிக்கப் பாடநூல் வேண்டுமென்றால் 'எசென்ஷியல்ஸ் ஆஃப் கிளைக்கோபயாலஜி' போதும். நான்காம் பதிப்பு 2022இல் வந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதன் ஆசிரியர் குழுவை முதல் பதிப்பிலிருந்து நடத்தி வருபவர்களில் ஒருவர் அஜித் வர்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். அவருடைய ஒரு கண்டுபிடிப்பு பின்னால் வரும்.

இரண்டாம் படி: ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளைக் குவித்து வைத்துக்கொண்டு மூச்சு முட்டுவதைப் பார்க்கிறேன். அதற்குப் பதிலாக ஒரே விஞ்ஞானியின் கட்டுரைகளைக் கால வரிசையில் படித்துப் பாருங்கள். ஒரு கேள்வி எப்படிப் பிறந்து எப்படி வளர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். என் தேர்வு பமீலா ஸ்டான்லி.

மெல்போர்னில் முனைவர் பட்டம் முடித்த ஸ்டான்லி, டொரண்டோவில் லூயிஸ் சிமினோவிச்சின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் கையில் எடுத்தது சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து வந்த சி.எச்.ஓ. செல்கள். லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதம். நாம் சமைக்கும் ராஜ்மா விதையின் இனத்திலிருந்து எடுக்கும் பி.எச்.ஏ. என்ற லெக்டினை இந்தச் செல்கள் மேல் போட்டால் அவை செத்துவிடும். அரிதாகச் சில செல்கள் சாகாமல் தப்பும். அந்தத் தப்பியவைதான் அவருக்கு வேண்டியவை. லெக்டின் பற்றுவதற்கான சர்க்கரை அவற்றின் மேல் இல்லை என்றால், அந்தச் சர்க்கரையைக் கட்டும் வேலை உள்ளே எங்கேயோ நின்றுபோயிருக்க வேண்டும். எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடிக்க, கிளைக்கன் நொதிகளில் தேர்ந்த ஹாரி ஷாக்டரோடு சேர்ந்தார். 1975இல் வந்த கட்டுரை, குறிப்பிட்ட ஒரு நொதி அந்தச் செல்களில் வேலை செய்யவில்லை என்று காட்டியது. இன்று எம்காட்-1 என்று சொல்லும் நொதி அது. அது இல்லாவிட்டால் என்-கிளைக்கன்கள் 5 மேனோஸ் கட்டத்தோடு நின்றுவிடும், சிக்கலான கிளைகள் வராது. இந்தச் செல்களுக்கு லெக்-1 என்று பெயர்.

பிறகு நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இந்தத் தொகுப்பைப் பெரிதாக்கினார். லெக்-2இல் சியாலிக் அமிலம் கோல்கிக்குள் போகாது. லெக்-8இல் கேலக்டோஸ் போகாது. ஒவ்வொரு செல் வகையும் பாதையின் ஒவ்வொரு படியில் நிற்கிறது. அதனால் எந்தச் சர்க்கரை எதற்குத் தேவை என்று நேரடியாகக் கேட்க முடிந்தது.

லெக்-1 செல்கள் தட்டில் நன்றாகவே வளர்ந்தன. அப்படியானால் சிக்கலான என்-கிளைக்கன்கள் தேவையே இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் 1994இல் வந்தது. அதே மரபணுவை எலியில் நீக்கியபோது, பிறப்பதற்கு வெகு முன்னால், பத்தாம் நாள் வாக்கிலேயே கரு இறந்துபோனது. தனிச் செல் உயிரோடிருக்க அந்தச் சர்க்கரை வேண்டாம், செல்கள் ஒன்றோடொன்று பேசி உடலாக வளர அது வேண்டும். இந்தத் துறையின் மிக அழகான முடிவுகளில் ஒன்று என்று இதை நான் நினைக்கிறேன். செல் தட்டில் எதுவும் மாறவில்லை என்பதற்காக ஒரு கிளைக்கனைத் தேவையற்றது என்று தள்ளிவிடாதீர்கள்.

2000ஆம் ஆண்டில் இன்னொரு திருப்பம். கருவளர்ச்சியில் முக்கியமான நாட்ச் என்ற ஏற்பிப் புரதத்தை ஃபிரிஞ்ச் என்ற புரதம் கட்டுப்படுத்துவது தெரிந்திருந்தது, எப்படி என்பது தெரியவில்லை. ராபர்ட் ஹால்டிவாங்கர், ஸ்டான்லி முதலியோர் சேர்ந்த குழு, ஃபிரிஞ்ச் ஒரு சர்க்கரை ஏற்றும் நொதி என்று காட்டியது. நாட்ச் மேல் உள்ள ஃபியூக்கோசின்மீது அது என்-அசிட்டைல் குளுக்கோசமினைச் சேர்க்கிறது. இதை ஆராயக் கைகொடுத்தவை மறுபடியும் சி.எச்.ஓ. மியூட்டன்ட்கள்தான். கால் நூற்றாண்டுக்கு முன் வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த செல்கள் கருவளர்ச்சிக் கேள்விக்குப் பதில் சொல்லின. இன்று லெக்-1, லெக்-2, லெக்-8 மூன்றையும் ஏ.டி.சி.சி. செல் சேமிப்பகத்திலிருந்து யாரும் வாங்கலாம்.

நம்பகமான ஒரு கருவியை உருவாக்கி, அதன் குணங்களை அணு அணுவாகத் தெரிந்துகொண்டு, பிறகு கேள்விகளை மாற்றிக்கொண்டே போனார் ஸ்டான்லி. வருடத்துக்கொரு முறை புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடுவதைவிட இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன். தனக்குத் தெரியாத நொதியியலுக்கு அது தெரிந்தவரிடம் அவர் போனதையும் கவனியுங்கள். மரபியல், வேதியியல், செல் உயிரியல் மூன்றும் ஒரே கையில் அடங்கும் துறை இல்லை இது.

மூன்றாம் படி: முதல் பரிசோதனை

உங்கள் புரதத்தில் என்-இணைப்புச் சர்க்கரை இருக்கிறதா? பி.என்.ஜி.ஏஸ் எஃப் என்ற நொதியைப் போட்டு, ஜெல்லில் ஓட்டி, பட்டை கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் சுமாராக 2 முதல் 3 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) குறையும்.

புரதத்தை எஸ்.டி.எஸ். என்ற சோப்பும், கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டி.டி.டி.யும் சேர்த்து 10 நிமிடம் கொதிநிலை வெப்பத்தில் வைத்து விரித்துவிடுங்கள். எஸ்.டி.எஸ். இந்த நொதியையும் முடக்கிவிடும் என்பதால் அடுத்ததாக என்.பி.-40 என்ற மென்மையான சோப்பைச் சேர்த்தே ஆக வேண்டும். சரியாக வேலை செய்யாத பல பரிசோதனைகளில் விடுபட்டது இதுவாகத்தான் இருக்கும். பிறகு நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பக்கத்திலேயே நொதி சேர்க்காமல் மற்ற எல்லாம் செய்த மாதிரி ஒன்று கட்டாயம் வேண்டும். இன்னொரு குழாயில் ரைபோநியூக்ளியேஸ் பி வையுங்கள். அதன் பட்டை இறங்கியிருந்தால்தான் நொதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கூமாசி சாயம் போட்டீர்கள் என்றால் 36 கிலோடால்டன் அருகே புதிதாக ஒரு பட்டை தெரியும். அது உங்கள் புரதத்தின் துண்டு இல்லை, நொதியேதான்.

பட்டை இறங்கவில்லை என்றால் சர்க்கரை இல்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். புரதம் சரியாக விரியாமல் இருந்திருக்கலாம். தாவரத்திலிருந்தோ பூச்சிச் செல்லிலிருந்தோ வந்த புரதம் என்றால் சங்கிலியின் அடியில் ஆல்ஃபா-1,3 இணைப்பில் ஃபியூக்கோஸ் இருக்கலாம். அதை எஃப் வெட்டாது, பி.என்.ஜி.ஏஸ் ஏ வேண்டும்.

பக்கத்துக் குழாயில் எண்டோ ஹெச் என்ற இன்னொரு நொதியைப் போடுங்கள். மேனோஸ் அதிகமுள்ள சங்கிலிகளையும், ஒரு பக்கம் மேனோஸும் மறுபக்கம் சிக்கலான கிளையும் கொண்ட கலப்பு வகையையும் அது வெட்டும், சிக்கலான வகையை வெட்டாது. எஃப்-க்கு இறங்கி எண்டோ ஹெச்-க்கு இறங்காத புரதம் கோல்கியின் நடுப்பகுதி வரையாவது வந்துவிட்டது. இரண்டுக்கும் இறங்கினால் அது இன்னும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலோ கோல்கியின் ஆரம்பத்திலோ நிற்கலாம், அல்லது லெக்-1 மாதிரி ஒரு செல்லில் செய்யப்பட்டிருக்கலாம். இரண்டு குழாய், ஒரு ஜெல், அவ்வளவுதான். ஆனால் கிடைக்கும் தகவல் மிகப் பெரிது.

நான்காம் படி: லெக்டின்களைச் சந்தேகத்தோடு நம்புங்கள்

வாளவரை இனத்து விதையிலிருந்து வரும் கான்-ஏ மேனோஸைப் பற்றும். எல்டர்பெர்ரியின் எஸ்.என்.ஏ. ஆல்ஃபா-2,6 சியாலிக் அமிலத்தைப் பற்றும். நிலக்கடலை லெக்டின், கேலக்டோசும் என்-அசிட்டைல் கேலக்டோசமினும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரையைப் பற்றும். பலாக்கொட்டையின் ஜாக்கலினுக்கும் கிட்டத்தட்ட அதே விருப்பம்தான். நிலக்கடலை, பலா லெக்டின்கள் இரண்டின் படிக அமைப்பும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழுவும் அவதேஷ் சுரோலியாவும் சேர்ந்து 1990களில் கண்டறிந்தவை. இந்தியாவில் இந்தத் துறைக்கு இருக்கும் வலுவான அடித்தளங்களில் அது ஒன்று. அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

லெக்டின் ஒட்டியது என்பது ஒரு துப்பு, சாட்சியம் இல்லை. கான்-ஏ ஒட்டியதென்றால் மீதைல் மேனோசைடைக் கூடப் போட்டுப் பாருங்கள், ஒட்டுவது மறைய வேண்டும். எஸ்.என்.ஏ. ஒட்டியதென்றால், சியாலிக் அமிலத்தை வெட்டும் சியாலிடேஸ் நொதியால் கழுவிய மாதிரியில் அது ஒட்டக்கூடாது. நிலக்கடலை லெக்டினுக்கு இது தலைகீழ்: சியாலிக் அமிலம் மூடியிருக்கும் வரை அது பெரும்பாலும் ஒட்டாது, கழுவிய பிறகு ஒட்டும். இந்த எதிர்ச்சோதனைகள் இல்லாத லெக்டின் படத்தை யார் காட்டினாலும், வழிகாட்டியே காட்டினாலும், கேள்வி கேளுங்கள்.

ஐந்தாம் படி: சர்க்கரையை எடுத்துவிட்டுப் பார்ப்பது

டூனிகாமைசின் என்ற வேதிப்பொருள் என்-இணைப்புப் பாதையின் முதல் படியையே தடுத்துவிடும். ஒரு புரதத்துக்கு மட்டுமல்ல, செல்லில் உள்ள அத்தனை புரதங்களுக்கும். அதனால் புரதங்கள் மடியாமல் குவிந்து செல் கடும் நெருக்கடிக்குள் போகும். உங்கள் புரதம் செல் மேற்பரப்புக்கு வரவில்லை என்றால் அது தன் சர்க்கரையை இழந்ததாலா, செல்லே தடுமாறுவதாலா என்று சொல்ல முடியாது. டூனிகாமைசினை மட்டும் வைத்து எழுதிய முடிவை நான் ஏற்க மாட்டேன்.

கிஃபுனென்சின், ஸ்வைன்சோனின் என்ற வேறு இரண்டு தடுப்பான்கள் பாதையின் பின்கட்டங்களைத் தடுப்பதால் சேதம் குறைவு. அஸ்பராஜினை குளுட்டமினாக மாற்றினால் ஒரே ஓர் இடத்தின் சர்க்கரை மட்டும் போகும். ஆனால் அமினோ அமிலத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள். ஆகவே பக்கத்துச் செரினையோ திரியோனினையோ அலனினாக மாற்றிய இன்னொரு வடிவத்தையும் செய்யுங்கள். இரண்டும் ஒரே விளைவைத் தந்தால் நம்பிக்கை வரும்.

செல் வளர்க்கும் சீரத்தையும் மறக்க வேண்டாம். மனிதர்களால் என்-கிளைக்கோலைல் வகைச் சியாலிக் அமிலத்தைத் தயாரிக்க முடியாது, அதற்கான மரபணு நம் இனத்தில் பழுதாகிவிட்டது. 1998இல் அஜித் வர்கியின் குழு சொன்னது இது. ஆனால் வளர்ப்புத் தட்டில் உள்ள மனிதச் செல்கள் கன்றுச் சீரத்திலிருந்து அதை எடுத்துத் தங்கள் கிளைக்கன்களில் சேர்த்துக்கொள்கின்றன. மனிதச் செல்லில் அந்தச் சர்க்கரையைக் கண்டால் முதலில் சீரக் குப்பியைப் பாருங்கள்.

ஆறாம் படி: மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி

எடையை அளக்கும் கருவி இது. கேலக்டோஸ், மேனோஸ், குளுக்கோஸ் மூன்றும் சங்கிலியில் 162 டால்டன்தான். எடையால் மட்டும் அவற்றைப் பிரிக்கவே முடியாது. நொதிகளாலும் லெக்டின்களாலும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி எல்லாரையும் பிடிக்கிறது. சங்கிலியில் ஒரு ஃபியூக்கோஸ் 146.06 டால்டன், இரண்டென்றால் 292.12. ஒரு சியாலிக் அமிலம் 291.10. வித்தியாசம் ஏறக்குறைய ஒரே டால்டன். மென்பொருள் ஐசோடோப்புச் சிகரத்தைத் தவறாக எடுத்தால் சியாலிக் அமிலம் இரட்டை ஃபியூக்கோஸாக மாறிப் பட்டியலில் உட்கார்ந்துவிடும். மூலத் தரவைத் திறந்து, 274, 292 எண்களில் சியாலிக் அமிலத்துக்குரிய அயனிகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். 204, 366 அருகே அயனிகள் வந்தால் கிளைக்கோபெப்டைடு பக்கத்தில் இருக்கிறது.

பி.என்.ஜி.ஏஸ் எஃப் வெட்டிய இடத்தில் அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாகிறது, எடை 0.98 டால்டன் கூடுகிறது. இதை வைத்துத்தான் சர்க்கரை இருந்த இடங்களைப் பட்டியலிடுகிறார்கள். ஆனால் அஸ்பராஜின் தானாகவும் அப்படி மாறும். வெட்டுவதைக் கனஆக்சிஜன்-18 நீரில் செய்தால் எடை கிட்டத்தட்ட 3 டால்டன் கூடும், தானாக ஏற்கெனவே மாறியவை அதில் பிரிந்து தெரியும்.

ஏழாம் படி: எதிர்பாராத முடிவு வரும்போது

1980களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜெரால்டு ஹார்ட்டும் அவருடைய மாணவி கார்மென்-ரோசா டோரஸும், லிம்ஃபோசைட்டுகளின் மேற்பரப்பில் நுனி என்-அசிட்டைல் குளுக்கோசமினைத் தேடினார்கள். பாலிலிருந்து எடுத்த கேலக்டோஸ் ஏற்றும் நொதியையும் கதிரியக்கக் கேலக்டோசையும் பயன்படுத்தினார்கள். குறியீடு பெரும்பாலும் மேற்பரப்பில் இல்லை, செல்லுக்கு உள்ளே இருந்தது. அன்றைய பாடநூல்களின்படி அப்படி இருக்கக்கூடாது. ஏதோ கலப்படம் என்று தள்ளிவிடாமல், இணைப்பு எந்த வகை என்று வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். செரின், திரியோனின் மேல் ஒற்றைச் சர்க்கரையாக அது ஒட்டியிருந்தது. 1984இல் அதை வெளியிட்டார்கள். ஓ-கிளிக்நாக் என்று இன்று ஆயிரக்கணக்கான புரதங்களில் காணும் மாற்றம் அதுதான்.

உங்கள் மேசையிலும் பொருந்தாத முடிவு வரும். இரண்டாம் முறையும் அதேபோல் வந்தால், அதைச் சரிபார்க்க வேறு வேதியியலைக் கொண்ட ஒரு முறையைத் தேடுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: இடமும் வழியும்

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் வழியே கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பொதுவான வழி. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடங்களுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. தேர்வுக்குப் படிக்கும்போதே ஆய்வகங்களைப் பார்க்கத் தொடங்குங்கள்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். கிளைக்கன் அளக்கும் கருவி அதே வளாகத்தில் இருக்கிறதா, இல்லை மாதிரியை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா? சியாலிக் அமிலம் அமிலத்தன்மையில் எளிதில் உதிரும், மாதிரி பயணம் செய்யச் செய்ய தரவு கெடும். அடுத்தது, அங்கிருந்து போன மாணவர்கள் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள்.

பல்கலைக்கழக வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். உயிரி மருந்து நிறுவனங்களுக்கு இந்தத் திறமை நிச்சயம் தேவை. எரித்ரோபாய்ட்டினின் எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரை, அது மூன்று என்-இணைப்பிலும், செரின் அல்லது திரியோனின் வழியாக ஒட்டும் ஓர் ஓ-இணைப்பிலும் இருக்கிறது. அதன் மாற்றியமைத்த வடிவமான டார்பெபாய்ட்டினில் கூடுதலாக இரண்டு என்-இணைப்பு இடங்களை உருவாக்கினார்கள், ரத்தத்தில் அது தங்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ஆன்டிபாடி மருந்தின் அடிச் சங்கிலியிலிருந்து ஃபியூக்கோஸை நீக்கினால் நோய்ச் செல்லைக் கொல்லும் திறன் கூடுகிறது. ஆகவே பயோசிமிலர், அதாவது ஏற்கெனவே உள்ள உயிரி மருந்துக்கு ஒப்பான மருந்து, தயாரிக்கிறவர்கள் தொகுதிக்குத் தொகுதி கிளைக்கன் விவரத்தைக் காட்டியாக வேண்டும். பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் நிறுவனங்களில் இந்த வேலை தினமும் நடக்கிறது. 2-ஏ.பி. என்ற ஒளிரும் சாயமேற்றிய கிளைக்கன்களை ஹிலிக் என்ற குரோமட்டோகிராஃபி பத்தியில் ஓட்டிப் பிரிக்கத் தெரிந்தவர்களை அவர்கள் தேடுகிறார்கள்.

வழிகாட்டிக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது 'உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம்' என்ற வரியை விட்டுவிடுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதில் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, நீங்களாக இருந்தால் அடுத்து எந்த எதிர்ச்சோதனையைச் செய்வீர்கள் என்று நான்கு வரியில் எழுதுங்கள்.